கார் நிறுத்துமிடத்துத் தண்ணீர் எங்கே போகிறது? வளாக மழைநீர் வடிவமைப்பு பற்றி ஒரு மாணவிக்கு விரிவான பதில்

கேள்வியின் சுருக்கம்: கோலாலம்பூரில் சிவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்கிறார். அணியில் நால்வர்: இருவர் சிவில், ஒருவர் நிலவடிவமைப்பு, ஒருவர் உயிரியல். இறுதியாண்டுத் திட்டமாகத் தங்கள் வளாகம் முழுவதற்கும் பசுமை மழைநீர்க் கட்டமைப்பு ஒன்றை வரைய எண்ணுகிறார்கள். அமெரிக்காவின் கேம்பஸ் ரெயின்வொர்க்ஸ் போட்டியில் வென்ற மாணவர்களின் வரைபடங்களைப் பார்த்து ஆர்வம் வந்திருக்கிறது. விரிவுரையாளர், "ஒரு மழைத் தோட்டம் (ஓடிவரும் மழைநீரைத் தேக்கி மண் வழியே வடியவிடும் செடிப் பள்ளம்) போடுங்கள், போதும்" என்கிறார். நம் ஊர் மழைக்கு இதெல்லாம் தாங்குமா, எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

தாங்கும். ஆனால் நீங்கள் பார்த்த படங்களில் இருக்கும் அளவிலும் அமைப்பிலும் தாங்காது. ஏன் என்பதற்குச் சிறு கணக்கு ஒன்று போதும். கீழே போட்டுக் காட்டுகிறேன். அதற்கு முன், வளாகம் முழுவதற்கும் திட்டம் வரையும் எண்ணத்தைக் கைவிடுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். வடிகால் வடிவமைப்புதான் என் பிழைப்பு. மாணவர் திட்டங்களை மதிப்பிடவும் அவ்வப்போது கூப்பிடுகிறார்கள். அங்கே நான் அதிகம் பார்ப்பது வளாக வரைபடத்தின் மேல் பரவிக் கிடக்கும் பச்சை வட்டங்களைத்தான். இங்கே மழைத் தோட்டம், அங்கே ஈரநிலம், நூலகத்துக்குப் பசுமைக் கூரை. "இந்த வட்டத்துக்கு எந்தக் கூரையின் தண்ணீர் வருகிறது? நிரம்பினால் எங்கே போகும்?" என்று கேட்டால் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரே ஒரு கார் நிறுத்துமிடம், அதை ஒட்டிய ஒரு கட்டடக் கூரை. இந்தத் தண்ணீருக்கு முழுமையாகப் பதில் சொல்லும் அணி எனக்குப் போதும்.

நீங்கள் குறிப்பிட்ட போட்டியை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2012இல் தொடங்கியது. அதில் இரண்டு பிரிவுகள் உண்டு. ஒன்றில் வளாகத்தின் பெரும்பகுதிக்கான நீண்டகாலத் திட்டம், மற்றதில் ஓர் இடத்துக்கான செயல்விளக்க வடிவமைப்பு. நீங்கள் எடுக்க வேண்டியது இரண்டாவது வகை. அந்தப் போட்டியில் எனக்குப் பிடித்தது படங்கள் அல்ல. வளாகத்தைப் பராமரிப்பவர்களோடு மாணவர்கள் பேச வேண்டும், பல துறையினர் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்புதான். அந்த இரண்டையும் தாராளமாகக் கடன் வாங்குங்கள். அளவுகளை மட்டும் அங்கேயே விட்டுவிடுங்கள்.

காரணம், அங்கே பிரச்சினையே வேறு. அமெரிக்காவின் பழைய நகரங்கள் பலவற்றில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. ஏறத்தாழ 700 ஊர்கள் இன்னும் அப்படித்தான் இருக்கின்றன. கனமழை பெய்தால் குழாய் நிரம்பி, சாக்கடை நீர் நேராக ஆற்றில் கலக்கிறது. முதல் 25 மில்லிமீட்டர் மழையைக் குழாய்க்குள் போகவிடாமல் மண்ணிலேயே நிறுத்தினால் அவர்களுக்குப் பெரிய வெற்றி. அவர்களுடைய மழைத் தோட்டங்கள் பல அந்த இலக்குக்காக அளவெடுக்கப்பட்டவை. நம் ஊரில் மழைநீர் லோங்காங்கில், அதாவது தெருவோரத் திறந்த கால்வாயில், போகிறது, கழிவறை நீர் தனிக் குழாயில் போகிறது. இரண்டும் கலக்கும் பிரச்சினை இங்கே அந்த வடிவில் இல்லை. இங்கே இருப்பது பிற்பகல் மூன்று மணிக்குக் கறுத்து, நான்கு மணிக்குள் ஒரு சாலையையே முழங்கால் ஆழத்தில் முக்கிவிடும் திடீர் வெள்ளம். கூடவே எண்ணெய், குப்பை, வண்டல் எல்லாம் அரை மணி நேரத்தில் கிள்ளான் ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

நம் நாட்டுக் கையேட்டையே பயன்படுத்துங்கள். நீர்ப்பாசன வடிகால் இலாகா வெளியிட்ட சுற்றுச்சூழலுக்கு இயைந்த வடிகால் கையேடு, துறையில் எல்லோரும் மஸ்மா என்று அழைப்பது, முதலில் 2000இல் வந்தது. இரண்டாம் பதிப்பு 2012இல். நீரின் தரத்தைக் காக்கும் நிரந்தர அமைப்புகளுக்கு அது வைக்கும் அளவு 40 மில்லிமீட்டர் மழை. வண்டலில் 80 விழுக்காடு, நைட்ரஜனிலும் பாஸ்பரஸிலும் பாதி, மிதக்கும் குப்பையில் 90 விழுக்காடு பிடிபட வேண்டும் என்பது அதன் இலக்கு. வெள்ளத்தைப் பொறுத்தவரை, கட்டடம் வருவதற்கு முன் அந்த நிலத்திலிருந்து வெளியேறிய உச்ச ஓட்டத்தைவிடக் கட்டிய பிறகு வெளியேறும் உச்ச ஓட்டம் கூடக்கூடாது. இவை இரண்டு தனித் தேர்வுகள். மாணவர்கள் முதலாவதில் தேறிவிட்டு இரண்டாவதிலும் தேறிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இப்போது கணக்கு. 2,000 சதுர மீட்டர் தார் போட்ட கார் நிறுத்துமிடம், பக்கத்தில் 1,000 சதுர மீட்டர் கூரை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 0.3 ஹெக்டர், ஓட்டக் கெழு (பெய்யும் மழையில் ஓடிவரும் பங்கு) 0.9. கோலாலம்பூரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கக்கூடிய 15 நிமிட மழையின் செறிவு மணிக்கு ஏறத்தாழ 150 மில்லிமீட்டர். இது ஒன்றும் பேரிடர் மழை அல்ல. இங்கே படித்து முடிப்பதற்குள் நீங்களே பார்த்துவிடக்கூடிய மழை. கெழுவையும் செறிவையும் பரப்பையும் பெருக்கி 360ஆல் வகுத்தால் வினாடிக்கு 0.11 கன மீட்டர், அதாவது 110 லிட்டருக்குச் சற்று மேல் வருகிறது.

படங்களில் பார்த்தபடி, பரப்பில் ஐந்து விழுக்காட்டுக்கு, 150 சதுர மீட்டரில், ஒரு மழைத் தோட்டம் போடுகிறீர்கள். மண் கலவை நன்றாக அமைந்து மணிக்கு 100 மில்லிமீட்டர் வடியவிடுகிறது என்று தாராளமாகவே எடுத்துக்கொள்வோம். அப்படியானால் தோட்டம் உள்வாங்குவது மணிக்கு 15 கன மீட்டர். வினாடிக்கு 4 லிட்டர் சொச்சம். வருவது 110, இறங்குவது 4. மேலே 200 மில்லிமீட்டர் தேங்க இடம் விட்டிருந்தால் அதில் 30 கன மீட்டர் பிடிக்கும். அது ஐந்து நிமிடத்துக்குள் நிரம்பிவிடும். மழை இன்னும் பத்து நிமிடம் அதே வேகத்தில் பெய்துகொண்டிருக்கும்.

உங்கள் விரிவுரையாளர் சொல்வது தவறில்லை, ஆனால் பாதிதான். நம் மழையில் மழைத் தோட்டத்தின் முதல் வரைபடம் செடிகளின் வரைபடமாக இருக்கக்கூடாது. நிரம்பிய பிறகு தண்ணீர் எந்த வழியாக, எந்த மட்டத்தில், எந்த லோங்காங்குக்குப் போகிறது என்பதே முதல் வரைபடம். நம் பாட்டன்மார் ஏரி வெட்டியபோது மிகுநீர் வழியும் கலிங்கை முடிவு செய்யாமல் கரையை உயர்த்தியதில்லை. நீங்களும் கலிங்கிலிருந்தே தொடங்குங்கள். மிகுநீர் வாயின் மட்டம் பக்கத்துக் கட்டடத்தின் தரை மட்டத்தைவிட எவ்வளவு கீழே இருக்கிறது? அந்த வாய் இலைகளால் அடைத்துக்கொண்டால் இரண்டாவது வழி எது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்த பிறகு உயிரியல் படிக்கும் நண்பரைச் செடிகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

சரி, 40 மில்லிமீட்டரை எப்படிப் பிடிப்பது? 3,000 சதுர மீட்டரில், 0.9 கெழுவோடு, 108 கன மீட்டர். தோட்டத்தின் தேக்கம் 30 மட்டுமே. தோட்டத்தை மூன்றரை மடங்குக்கு மேல் ஆக்கலாம். அதற்கு எந்த நிர்வாகமும் கார் இடங்களை விட்டுத்தராது. தண்ணீரைப் பிரித்துப் பாருங்கள். கூரையின் பங்கு 36 கன மீட்டர். அது ஓரளவு சுத்தமான நீர்; தொட்டியில் பிடித்துக் கழிவறைக்கும் தோட்டத்துக்கும் விடலாம். மீதி 72. கார் நிற்கும் கட்டங்களில் முப்பதை மட்டும் நீர்புகு தளமாக, அதாவது தண்ணீர் இடைவெளிகள் வழியே கீழே இறங்கும் தளமாக, மாற்றுங்கள். ஒரு கட்டம் 12.5 சதுர மீட்டர் என்றால் 375 சதுர மீட்டர். அதன் கீழே 400 மில்லிமீட்டர் கருங்கல் ஜல்லி, இடைவெளி 35 விழுக்காடு. அதில் 52 கன மீட்டர் அடங்கும். இனி மிச்சம் 20தான். அதற்கு 100 சதுர மீட்டர் தோட்டமே போதும். முதலில் 150 போட்டும் போதாமல் இருந்தது, இப்போது 100இல் முடிகிறது. மூன்று பொருள்களை வரிசையாகக் கோத்ததால் கிடைத்த பலன் இது. அறிக்கையில் இந்தக் கணக்கை ஒரே பக்கத்தில் போடுங்கள். முப்பரிமாணப் படங்களைப் புரட்டும் மதிப்பீட்டாளர் அந்தப் பக்கத்தில்தான் நிற்பார்.

இதில் ஒரு பொறி உண்டு. நிரம்பிய தொட்டி அடுத்த மழைக்கு உதவாது. கோலாலம்பூரில் அக்டோபர், நவம்பரில் தொடர்ந்து பல நாள் பிற்பகல்களில் மழை பெய்யும். தொட்டித் தண்ணீரை அன்றாடம் யார் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று காட்டாவிட்டால் அந்த 36 கன மீட்டர் தாளில் மட்டுமே இருக்கும். விடுமுறையில் மாணவர் இல்லாத வளாகத்தில் கழிவறைப் பயன்பாடும் விழுந்துவிடும். அப்போது தொட்டியை மெல்ல வடியவிடும் சிறு துளை ஒன்று வேண்டும்.

பெரிய அமைப்புகள் இருக்கும்போது இந்தச் சிறு வேலையெல்லாம் எதற்கு என்று நிர்வாகக் கூட்டத்தில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். 2007இல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கத்தைக் காட்டுவார்கள். 9.7 கிலோமீட்டர் நீளம், 13 மீட்டருக்கு மேல் விட்டம், குளங்களையும் சேர்த்து ஏறத்தாழ 30 லட்சம் கன மீட்டர் கொள்ளளவு. அருமையான அமைப்புதான். ஆனால் அது அம்பாங் பக்கத்திலிருந்து வரும் மேல்கிள்ளான் ஆற்று வெள்ளத்தை நகர மையத்துக்குள் விடாமல் திருப்புவதற்கானது. உங்கள் விடுதிக்குப் பின்னால் உள்ள லோங்காங் நிரம்பி வழிவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆறு கொள்ளும் முன்பே தெருவில் நிற்கும் தண்ணீர் அந்தந்த இடத்திலேயே சமாளிக்கப்பட வேண்டியது.

மாணவர் வடிவமைப்பு என்று பேசும்போது பலர் வெளிநாட்டு உதாரணங்களையே தேடுகிறார்கள். பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபாலில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகமே ஒரு முழுமையான பாடம். ஒரு காலத்தில் செம்பனைத் தோட்டமாக இருந்த ஏறத்தாழ 320 ஏக்கர் சமதள நிலம். வழக்கமான கான்கிரீட் கால்வாய்களுக்குப் பதிலாக, அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆற்றுப் பொறியியல், நகர்ப்புற வடிகால் ஆய்வு மையம் வடிவமைத்த பயோஇகோட்ஸ் என்ற அமைப்பு அங்கே போடப்பட்டது. 2003இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. மஸ்மாவின் முதல் பதிப்பு சொன்னது நம் மண்ணில் வேலை செய்யுமா என்பதற்கு ஒரு வளாகத்தையே சோதனைக்கூடமாக்கினார்கள்.

அதன் உட்கூறு இப்படி. மேலே பார்த்தால் ஆழமில்லாத புல் வாய்க்கால். அதன் அடியில் ஜியோடெக்ஸ்டைல் துணி சுற்றிய, உள்ளே வெறுமையான பிளாஸ்டிக் கூடுகள்; சுற்றிலும் சுத்தமான ஆற்று மணல். சிறு மழையில் தண்ணீர் புல் வழியாக இறங்கி, மணலில் வடிகட்டப்பட்டு, கூடுகளுக்குள் மெல்ல நகர்கிறது. பெருமழையில் மேலேயும் ஓடுகிறது, கீழேயும் ஓடுகிறது. நீர்பிடிப்புப் பரப்பு பெருகப் பெருகக் கூடுகளின் எண்ணிக்கை ஒன்று, இரண்டு, மூன்று என்று கூடுகிறது. அங்கங்கே உலர்குளங்கள்: மழை நாளில் தண்ணீரைத் தற்காலிகமாகத் தாங்கி, பிறகு அடியிலிருக்கும் கூடுகள் வழியே வடிந்து, மறுபடி வெறும் புல்தரையாகிவிடுபவை. இவற்றையெல்லாம் கடந்து ஈரக்குளம், தடுப்புக் குளம், கட்டமைக்கப்பட்ட ஈரநிலம், கடைசியில் பொழுதுபோக்குக் குளம். அதற்கப்பால் கெரியான் ஆறு. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். மேலே நான் போட்ட மூன்று பொருள் கணக்கின் பெரிய வடிவம் அது.

முறையாகக் கடிதம் எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு நாள் அங்கே போய் வாருங்கள். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் போனால் மிக நல்லது. எந்த உலர்குளம் வடிந்துவிட்டது, எது இன்னும் சதசதவென்று இருக்கிறது என்று நடந்து பார்க்கும்போது புத்தகம் சொல்லாதது புரியும். கோலாலம்பூரிலேயே பார்க்க வேண்டுமானால், ஜாலான் டூத்தா பக்கம் ஈர வெப்பமண்டல மையத்தின் வளாகத்தில் பசுமைக் கூரை, நீர்புகு தளம், மழைத் தோட்டம், மழைநீர்ச் சேகரிப்பு எல்லாம் சிறிய அளவில் செயல்விளக்கமாகப் போடப்பட்டிருக்கின்றன.

ஆனால் நிபோங் திபாலில் நடப்பதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து உங்கள் வளாகத்தில் வைக்க முடியாது. அது ஆற்றோரச் சமவெளி. உங்கள் வளாகம் மேடுபள்ளமாக இருந்தால், தண்ணீரை மண்ணுக்குள் இறக்குவது என்ற எண்ணத்தையே கேள்வி கேட்க வேண்டும். 1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடத் தொகுதியில் ஒன்று சரிந்து 48 பேர் மாண்டார்கள். பின்புறச் சரிவில் வடிகால் சரியாக இல்லாததும், மேலிருந்த ஓடை நீர் திருப்பிவிடப்பட்டதும், தடுப்புச் சுவர்கள் தோற்றதும் காரணங்களில் அடங்கும். சரிவின் தலையில் நீர்புகு தளம் போட்டு மண்ணை நனைத்துக்கொண்டே இருப்பது பசுமை அல்ல, ஆபத்து. பினாங்குத் தீவின் குன்றோரக் கட்டடங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2017 நவம்பரில் பெய்த பெருமழையில் அங்கே வெள்ளத்தோடு மண்சரிவுகளும் சேர்ந்தே வந்தன. இப்படிப்பட்ட இடங்களில் தோட்டத்தின் அடியிலும் பக்கங்களிலும் நீர்புகாத விரிப்பு போட்டு, வடிகட்டிய நீரைத் துளைக் குழாயில் எடுத்து லோங்காங்கில் விட வேண்டும். வடிகட்டல் நடக்கும், தாமதம் நடக்கும், ஊறல் மட்டும் இருக்காது.

கோலாலம்பூர் நகர மையத்தின் கீழே இன்னொரு சிக்கல்: சுண்ணாம்புப் பாறை. அதில் குகைகளும் வெடிப்புகளும் உண்டு. ஒரே இடத்தில் தொடர்ந்து தண்ணீரை இறக்கினால் மேல்மண் கழுவப்பட்டு உள்ளே போகலாம். மஸ்ஜிட் இந்தியா சாலையில் 2024 ஆகஸ்டில் நடைபாதை உள்வாங்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதன் காரணத்தை நான் இங்கே ஆராயவில்லை. அதற்குப் பிறகு எந்த நிர்வாகியும் "தண்ணீரை நிலத்துக்குள் விடப்போகிறோம்" என்று கேட்டதும் முகம் சுளிப்பார் என்பதற்காகச் சொல்கிறேன். வளாகக் கட்டடங்களுக்கு முன்பு எடுத்த மண் ஆய்வு அறிக்கை மேம்பாட்டுப் பிரிவில் இருக்கும். அதை வாங்கிப் படித்துவிட்டுப் பேசுங்கள். கூடவே, புதிய கட்டடங்களின் கீழே மழைநீர்த் தடுப்புத் தொட்டி ஏற்கனவே இருக்கிறதா என்றும் கேளுங்கள். தரைக்குக் கீழே ஒரு தொட்டி புதைந்திருப்பது பல மாணவர்களுக்கு மட்டுமல்ல, சில விரிவுரையாளர்களுக்கும் தெரியாது.

இனி, வரைவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை. மழையே பெய்யாத ஒரு நாள், மதிய உணவு நேரத்தில், லோங்காங்கைப் பின்பற்றி நடந்து போங்கள். வெயில் கொளுத்தும் நேரத்தில் அதில் தண்ணீர் ஓடினால் அது மழைநீர் இல்லை. பெரும்பாலும் கேன்டீனில் பாத்திரம் கழுவிய நீர், எண்ணெயோடும் சோற்றுப்பருக்கையோடும். அதை உங்கள் மழைத் தோட்டத்துக்குள் விட்டால் சில மாதங்களில் மண் கலவை எண்ணெயால் அடைத்துப்போய் நாறும். கிள்ளான் ஆற்றைத் தூய்மைப்படுத்தும் திட்டத்தில்கூடச் சந்தைகளின் கழிவுநீருக்கென்றே தனிச் சுத்திகரிப்பு அமைக்க வேண்டியிருந்தது. உங்கள் வளாகத்தில் கேன்டீனுக்கு எண்ணெய்ப் பிடிப்பான் இருக்கிறதா, அதை யார் எப்போது காலி செய்கிறார்கள் என்று கேன்டீன் அக்காவிடம் கேளுங்கள். கேட்பவர் கையில் குறிப்பேடு வைத்துக்கொண்டு அதிகாரி தோரணையில் நின்றால் பதில் வராது. ஒரு தே தாரிக் வாங்கிக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

பிறகு மழை நாள். எளிய மழைமானி ஒன்று, லோங்காங் சுவரில் சென்டிமீட்டர் கோடுகள், இரண்டு நிமிடத்துக்கு ஒரு கைபேசிப் படம். பதினைந்து மழைகளைப் பதிவு செய்தால், எத்தனை மில்லிமீட்டருக்கு எத்தனை நிமிடத்தில் மட்டம் ஏறுகிறது என்ற வரைகோடு உங்கள் கையில் இருக்கும். அதை எந்தக் கையேடும் உங்களுக்குத் தராது. மூடிய நடைபாதையிலிருந்தே படமெடுங்கள். நம் ஊர் இடி மின்னலில் குடையோடு திடலில் நிற்பது அறிவுடைமை அல்ல. நீர்ப்பாசன வடிகால் இலாகா தன் வெள்ளத் தகவல் இணையத்தளத்தில் மழையளவையும் ஆற்று மட்டத்தையும் வெளியிடுகிறது. உங்கள் மானியின் அளவை அருகிலுள்ள நிலையத்தோடு ஒப்பிடுங்கள். மண்ணுக்கு, 300 மில்லிமீட்டர் ஆழத்தில் குழி வெட்டி, முதலில் ஒருமுறை நிரப்பி ஊறவிட்டு, பிறகு மறுபடி நிரப்பி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். கட்டுமானத்தின்போது இயந்திரங்கள் ஏறி இறங்கிய நிலமாக இருந்தால் மணிக்கு ஒரு சில மில்லிமீட்டர்கூட இறங்காமல் போகலாம். அப்போது அடியில் துளைக் குழாய் இல்லாத எந்த வடிவமைப்பும் குளமாகிவிடும்.

கணினி மாதிரிக்கு ஸ்வம் என்ற மென்பொருள் போதும். அதே அமெரிக்க முகமை 1971 முதல் வளர்த்துவரும், இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் அது. மழைத் தோட்டம், நீர்புகு தளம், பசுமைக் கூரை எல்லாவற்றையும் தனித்தனிக் கூறுகளாக அதில் போடலாம். முதலில் இப்போதிருக்கும் நிலையை மாதிரியாக்கி, நீங்கள் அளந்த மழைகளில் இரண்டு மூன்றைக் கொடுத்து, லோங்காங் மட்டம் ஒத்துவருகிறதா என்று சரிபாருங்கள். சரிபார்க்காத மாதிரியில் "உச்ச ஓட்டம் 62.4 விழுக்காடு குறைந்தது" என்று தசமத்தோடு எழுதும் அறிக்கைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

கொசு பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். முன்கூட்டியே பதில் வைத்திருங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் அளவில் ஆகும். ஒரு நாளுக்குள் வடிந்துவிடும் தோட்டத்தில் அதற்கு வாய்ப்பில்லை. ஆகவே 24 மணி நேரத்தில் வடியும் என்பதை வெறும் விருப்பமாக எழுதாமல் கணக்காகக் காட்டுங்கள்: 200 மில்லிமீட்டர் தேக்கம், மணிக்கு 100 மில்லிமீட்டர் வடிதல் என்றால் இரண்டு மணி நேரம், மண் அடைத்து வேகம் பத்தில் ஒன்றாக விழுந்தாலும் இருபது மணி நேரம். உண்மையான ஆபத்து தோட்டத்தில் இல்லை. தொட்டியின் மூடியில், ஆய்வுக் குழியில், கவிழ்ந்த குழாய் மூட்டில், சற்றே உள்வாங்கிய கூரைப் பீலியில் இருக்கிறது. அங்கெல்லாம் வலை போடுங்கள். 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அபராதம் கட்டப்போவது நிர்வாகம்; அவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானது.

செடிகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஒரு மணி நேரம் மூழ்கியும், பிறகு இரண்டு வாரம் காய்ந்தும் பிழைப்பவை வேண்டும். கோரை வகைகள், வெட்டிவேர், நம் திடல்களில் எங்கும் இருக்கும் அகல இலைப் புல் ஆகியவற்றோடு தொடங்கலாம். படத்துக்கு அழகாக இருக்கிறது என்று நீர்த்தாமரை வரைந்துவிடாதீர்கள். தோட்டம் பெரும்பாலான நாள் காய்ந்தே கிடக்கும்.

பராமரிப்பில்தான் பல திட்டங்கள் சாகின்றன. நான் அறிந்த ஒரு வளாகத்தில் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்த புல் வாய்க்காலைச் சில ஆண்டுகளில் கான்கிரீட் போட்டு மூடினார்கள். புல் வெட்டும் குத்தகை மாறியது. புதியவர்களுக்கு அது வாய்க்கால் என்றே யாரும் சொல்லவில்லை. இயந்திரத்தை அடிவரை இறக்கி வெட்டினார்கள், மண் வெளியே வந்தது, சேறு என்று புகார் வந்தது, கான்கிரீட் வந்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஆகவே புல் வெட்டும் அண்ணனிடம் போய், "இந்த அளவு உயரத்துக்கு மேல் வெட்டினால் போதும், முடியுமா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். அவர் வண்டி திரும்பக்கூடிய அகலம், இறங்கக்கூடிய சரிவு ஆகியவற்றை அவரே சொல்வார். அந்த எண்கள் உங்கள் வரைபடத்தில் ஏற வேண்டும். தார்த் தளத்திலிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் நுழையும் வாயில், வண்டலும் இலையும் படியச் சிறு கல்பாத்தி ஒன்றை வையுங்கள். மண்வெட்டியால் பத்து நிமிடத்தில் வாரி எடுக்கும்படி இருக்கட்டும். நீர்புகு தளத்தின் இடைவெளிகள் மண்ணால் அடைத்துவிடும் என்பதால், மேட்டிலிருந்து மண் அரித்து வரும் இடத்தில் அதைப் போடவே வேண்டாம். ஒரு பக்கப் பராமரிப்புத் தாளை மலாயிலும் தமிழிலும் எழுதி, படத்தோடு கொடுங்கள். வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்களும் படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

நால்வருக்கும் வேலை பிரிப்பது சுலபம். சிவில் இருவரில் ஒருவர் அளவீட்டையும், மற்றவர் மாதிரியையும் மட்டங்களையும் பார்க்கட்டும். நிலவடிவமைப்பு படிப்பவர் மனிதர் நடமாடும் பாதைகளைக் கவனிக்கட்டும். மாணவர்கள் குறுக்கு வழியாகத் தோட்டத்தை மிதித்துத்தான் போவார்கள், அதற்குக் கல் பதித்த பாதை ஒன்றை அவரே கொடுத்துவிடுவது நல்லது. உயிரியல் நண்பருக்குச் செடியும் கொசுவும் நீர்த் தரச் சோதனையும். மழையின் முதல் பத்து நிமிடத்தில் கார் நிறுத்துமிடத்து நீரை ஒரு புட்டியிலும், அரை மணி கழித்து இன்னொரு புட்டியிலும் பிடித்து, இரண்டின் வண்டலையும் ஆய்வகத்தில் எடை போடட்டும். முதல் தண்ணீர் எவ்வளவு அழுக்கு என்பது நிர்வாகக் கூட்டத்தில் எந்த வரைபடத்தையும்விட வேகமாகப் புரியும்.

உங்கள் பருவம் செப்டம்பர் அல்லது அக்டோபரில் தொடங்குமானால், மழைமானியை முதல் வாரத்திலேயே வைத்துவிடுங்கள். அக்டோபர், நவம்பர் மழையைத் தவறவிட்டால் அடுத்த நல்ல வாய்ப்பு ஏப்ரலில்தான். அதற்குள் அறிக்கை எழுதும் நேரம் வந்துவிடும். அனுமதிக் கடிதங்கள் நகர மூன்று வாரமாவது ஆகும், ஆகவே அவற்றை இந்த வாரமே எழுதுங்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் கூரைப் பரப்பு, தார்ப் பரப்பு, லோங்காங்கின் அகலம், ஆழம், சரிவு ஆகியவற்றை அனுப்பினால் மிகுநீர் வாயின் அளவை நானும் ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன்.